ஜப்பானிலிருந்து பரிசாக வரும் சமையல் கத்தி: பெறுவது முதல் தீட்டுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சக்காய், எச்சிசென், சஞ்சோ, தோசா, செக்கி ஆகிய ஊர்களில் கொல்லர்கள் செய்யும் சமையல் கத்திகளை, ஜப்பானில் வாழும் நண்பர்கள் நமக்குப் பரிசாக அனுப்புவது இப்போது அடிக்கடி நடக்கிறது. பெட்டி நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒன்று நிகழ்கிறது. அழகாக இருக்கிறதே என்று வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் அது அடைபட்டுவிடும். அல்லது எல்லாக் கத்திகளோடும் சேர்த்துத் தொட்டியில் போடப்பட்டு, சில வாரங்களில் நுனி உடைந்து, செந்துரு ஏறிப் பரண் சேர்ந்துவிடும். இரண்டுமே அந்தக் கத்திக்கும் அதை அனுப்பியவருக்கும் செய்யும் அநீதி என்பது என் உறுதியான எண்ணம். அன்றாடம் வெட்டுவதற்காகவே அடித்து உருவாக்கப்பட்ட கருவி அது. அதன் கூர்மை மங்கி, நம் கையாலேயே ஒருமுறை தீட்டி மீட்ட பிறகுதான் அந்தப் பரிசை நாம் முழுமையாகப் பெற்றுக்கொண்டோம் என்று சொல்ல முடியும். அந்த இடம் வரை செல்வதற்கான வழி இங்கே வரிசையாக விளக்கப்படுகிறது.

இந்த வழிகாட்டி சமையல் கத்திகளுக்கு மட்டுமே உரியது. பழைய வாள், குறுவாள் போன்றவற்றை ஜப்பானிலிருந்து வெளியே அனுப்ப அந்நாட்டின் பண்பாட்டு விவகார முகமையின் சான்று வேண்டும். இந்தியாவிலோ அவை ஆயுதங்களாகவே கருதப்படும். அவற்றை யாராவது அனுப்புவதாகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுவதே நல்லது.

அனுப்புவதற்கு முன்பே பேச வேண்டியவை

பரிசு தரப்போகிறவரிடம் நம் விருப்பத்தைச் சொல்வது நாகரிகம் ஆகுமா என்று தயங்குவது நம் இயல்பு. ஆனால் ஜப்பானியக் கத்தியைப் பொறுத்தவரை மூன்று செய்திகளை முன்கூட்டியே தெரிவிப்பது அவருக்கு நாம் செய்யும் உதவியே ஆகும்.

முதலாவது, நீங்கள் இடக்கைப் பழக்கம் உள்ளவரா என்பது. ஜப்பானின் மரபான கத்திகளில் பல, ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவப்பட்டு, மறுபக்கம் மெல்லிய குழிவோடு அமைந்தவை. வலக்கைக்கென்று சரிவு இடப்பட்ட அத்தகைய கத்தியை இடக்கையில் பிடித்தால், வெட்டும் கோடு தானாகவே ஒருபுறம் இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு பழகினாலும் அது சரியாகாது. இடக்கைக்காரர்களுக்குத் தனியே செய்து தருவார்கள் என்றாலும் அதற்கு விலை கூடுதல்.

இரண்டாவது, உங்கள் வீட்டில் எது சமைக்கப்படுகிறது என்பது. ஜப்பானில் வாழும் ஒருவர் நல்ல கத்தி என்றதும், பச்சை மீனை மெல்லிய துண்டுகளாக அரியும் யனாகிபாவை நினைக்கக்கூடும். இருபத்தேழு செ.மீ. நீளத்தில் வாள்போல் மின்னும் அந்தக் கத்தியின் அழகில் குறை ஏதும் இல்லை. ஆனால் சாம்பாரும் பொரியலும் கூட்டும் சமைக்கும் வீட்டில் அதற்கு வேலை மிகக் குறைவு. காய்கறிதான் முதன்மை என்றால் நக்கிரி, மீனை வீட்டிலேயே சுத்தம் செய்பவர் என்றால் தெபா, எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்றால் சந்தோக்கு என்று அவரிடம் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, எஃகின் வகை. துருப்பிடிக்கும் கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்று நண்பர் கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். கத்தியைப் பயன்படுத்திய உடனேயே துடைத்து வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் கார்பன் எஃகு மிகுந்த நிறைவைத் தரும். கூட்டுக் குடும்பத்தில் பலர் கைபடும் அடுக்களை என்றால், விஜி10 போன்ற துருப்பிடிக்காத எஃகில் செய்தது பாதுகாப்பானது. கத்தியின் மேல் பெயர் பொறித்துத் தரும் கடைகள் அங்கே பல உண்டு. உங்கள் பெயரைப் பொறிக்க நண்பர் விரும்பினால் அதன் எழுத்துகளையும் உச்சரிப்பையும் தெளிவாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

சட்டமும் சுங்கமும்

நண்பர் நேரில் வரும்போது கொண்டுவருவதாக இருந்தால், கத்தி சரக்கறைக்குப் போகும் பெட்டியில்தான் இருக்க வேண்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோய்விடும். உறையிட்டு, அட்டையில் இறுகச் சுற்றி, துணிகளுக்கு நடுவே வைப்பது பெட்டியைத் திறந்து சோதிக்கும் ஊழியரின் கைக்கும் பாதுகாப்பு.

அஞ்சலிலோ கூரியரிலோ வருவதாக இருந்தால் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து அஞ்சல் வழி வரும் பரிசுகளுக்கு ஒரு குறிப்பிட்ட மதிப்பு வரை சுங்க வரி இல்லை என்ற பழைய சலுகை இப்போது நடைமுறையில் இல்லை. 2019 டிசம்பரில் வெளியான அறிவிக்கையின்படி, உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் தவிர மற்றப் பொருள்களைப் பரிசு என்ற பெயரில் வரியின்றி வரவழைக்க முடியாது. உரிய வரியைச் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம். எனவே பரிசு என்று எழுதினால் வரி இருக்காது என நண்பர் நினைத்துக்கொண்டிருந்தால் முன்பே விளக்கிவிடுங்கள். வரியை நீங்கள் செலுத்துவதாகவும் சொல்லிவிடுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வது தவறு. பொதி சுங்கத்தில் மாட்டிக்கொள்ளவும் அதுவே காரணமாகலாம்.

சுங்கப் படிவத்தில் வெறுமனே ‘கத்தி’ என்று எழுதாமல், சமையலறைக் கத்தி என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, பொருள் வகைப்பாட்டு எண்ணாக 8211 என்பதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டின் ஆயுத விதிகள், அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஆனால் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றின் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்டவற்றுக்கு அதே விதி விலக்கு அளிக்கிறது. நீளமான யனாகிபா அந்த அளவைத் தாண்டும். நக்கிரியின் அகலமும் இரண்டு அங்குலத்தை நெருங்கும். ஆகவே அது சமையல் கருவி என்பது படிவத்தைப் பார்த்தவுடன் விளங்க வேண்டும். கூரியர் நிறுவனம் அடையாளச் சான்றின் நகலைக் கேட்கும்; அதைத் தாமதமின்றி அனுப்பினால் பொதி விரைவில் விடுவிக்கப்படும்.

பெட்டியைத் திறக்கும்போது

அவசரப்படாமல், பகல் வெளிச்சத்தில், மேசைமேல் ஒரு தடித்த துணியை விரித்துக்கொண்டு திறப்பது நல்லது. கார்பன் எஃகுக் கத்தியைத் துருத் தடுப்புத் தாளில் சுற்றி, எண்ணெய் பூசி, சில வேளைகளில் மெல்லிய வார்னிஷும் பூசி அனுப்புவார்கள். தாளைப் பிரிக்கும்போது கூர்விளிம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். புதுக் கத்தியால் ஏற்படும் காயங்களில் பல, அதை உறையிலிருந்து எடுக்கும்போது நேர்பவை. மர உறையாக இருந்தால், விரல்களை அதன் திறந்த விளிம்பின்மேல் சுற்றாமல், முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு நேராக உருவுங்கள்.

எடுத்த பின் கத்தியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, பிடியிலிருந்து நுனிவரை முதுகு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பின்பு கூர்விளிம்பை விளக்கொளிக்கு நேராகத் திருப்புங்கள். நன்றாகத் தீட்டப்பட்ட விளிம்பு ஒளியைத் திருப்பிக் காட்டாது. எங்காவது வெள்ளைப் புள்ளியாக மின்னினால் அங்கே சிறு சிதைவு இருக்கிறது. வரும் வழியில் அப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் நட்பைப் பொறுத்தது. முடிவு செய்யும் முன், தீட்டினால் அது மறைந்துவிடுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அலகின் மேல் உளியால் வெட்டிய எழுத்துகள் செய்தவரின் பெயரையோ கடையின் பெயரையோ ஊரையோ குறிக்கும். இவற்றைப் படித்துப் பொருள் சொல்லும்படி நண்பரிடம் கேளுங்கள். சக்காயைச் சேர்ந்த கத்தியானால் அதற்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. ஒசாக்காவை ஒட்டிய அந்தத் துறைமுக நகரில், போர்த்துக்கீசியர் வழியாகப் புகையிலை ஜப்பானுக்குள் வந்த பிறகு, புகையிலை அரியும் கத்திகள் செய்யத் தொடங்கினார்கள். அக்காலத்தில் ஜப்பானை ஆண்ட தொக்குகாவா ஆட்சி அவற்றின் தரத்தை மெச்சித் தனி முத்திரை வழங்கியது. இன்றும் அங்கே ஒரே கத்தி மூன்று கைகளைக் கடந்து வருகிறது: எஃகையும் மெல்லிரும்பையும் ஒட்டி அடிக்கும் கொல்லர் ஒருவர், விளிம்பைச் சீவித் தீட்டுபவர் ஒருவர், பிடியைப் பொருத்துபவர் ஒருவர். சக்காய்க் கத்தித் தொழில் 1982-லும், எச்சிசென் கத்தித் தொழில் அதற்கு முன்பே 1979-லும் ஜப்பானிய அரசால் மரபுக் கைவினைகளாக அறிவிக்கப்பட்டன.

கத்தியைப் பரிசளித்தால் உறவு அறுந்துபோகும் என்ற அச்சம் ஜப்பானிலும் சிலரிடம் உண்டு. ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் உண்டு. பெறுபவர் ஒரு சிறு நாணயத்தைத் திருப்பிக் கொடுத்து, விலைக்கு வாங்கியதாகக் கொள்வது இதற்கான வழக்கமான பரிகாரம். ஜப்பானியக் கத்திக் கடைக்காரர்களோ, கத்தி வழியை வெட்டித் திறந்து கொடுப்பது என்று சொல்லித் திருமணப் பரிசாகவும் விற்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து வைத்து, நண்பரை அடுத்த முறை காணும்போது கொடுத்துவிடலாம். அவர்கள் மனம் அமைதியடைவதும் முக்கியம்தான்.

கையில் இருப்பது எந்தக் கத்தி

பராமரிப்பும் தீட்டலும் கத்தியின் வகையைப் பொறுத்தே அமையும் என்பதால், முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். விளிம்பை நேரெதிரே பார்க்கும்போது இரண்டு பக்கமும் சரிகிறதா, ஒரு பக்கம் மட்டுமா? நக்கிரியும் சந்தோக்கும் இருபக்கச் சரிவு கொண்டவை. தெபா, யனாகிபா, காய்கறி அரியும் உசுபா ஆகியவை மரபாக ஒருபக்கச் சரிவு கொண்டவை.

அடுத்தது எஃகு. ஷிமானே மாநிலத்தின் யசுகியில் உருவாகும் கார்பன் எஃகுகளில் பெயர்பெற்றவை ஷிரோகாமியும் ஆவோகாமியும். ஷிரோகாமி தூய்மையானது, எளிதில் தீட்டலாம், எளிதில் துருப்பிடிக்கும். ஆவோகாமியில் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்க்கப்பட்டிருப்பதால் கூர்மை கூடுதல் நாள் நிற்கும். ஆனால் அதுவும் துருப்பிடிக்கும் எஃகுதான். இவற்றின் கடினம் ராக்வெல் அளவில் ஏறத்தாழ 60 முதல் 64 வரை இருக்கும். நாம் கடைகளில் வாங்கும் சாதாரணக் கத்திகள் இதைவிடக் கணிசமாக மென்மையானவை. இந்தக் கடினம்தான் நீடித்த கூர்மைக்குக் காரணம். சிறு கவனக்குறைவிலும் விளிம்பு உதிர்வதற்கும் அதுவே காரணம். கீழே வரும் எச்சரிக்கைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரே பண்பு.

முதல் நாள்

வார்னிஷ் பூச்சு இருந்தால், பஞ்சில் அசிட்டோனை நனைத்து முதுகிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து எடுத்துவிடுங்கள். நகப்பூச்சை அகற்றும் திரவமும் போதும். வெறும் எண்ணெய்தான் என்றால் பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போதுமானவை. மென்மையான பஞ்சால் கழுவி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். பிடி பெரும்பாலும் ஹோனோக்கி எனப்படும் மக்னோலியா வகை மரத்தால் ஆனது; அதன் கழுத்தில் எருமைக் கொம்புப் பூண் இருக்கும். இந்த மரம் எண்ணெயும் மெருகும் இல்லாமல் அப்படியே விடப்படுவது, ஈரக் கையிலும் வழுக்காமல் இருக்கத்தான். அதை நீரில் ஊற வைக்கவே கூடாது.

முதல் வெட்டுக்கு வெங்காயமோ வெள்ளரியோ எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையும் மாங்காயும் அன்று வேண்டாம். கார்பன் எஃகின் மேல் முதல் வெங்காயச் சாறு பட்ட இடத்தில், சில நிமிடங்களில் நீலமும் சாம்பலும் கலந்த நிழல் ஒன்று படர்வதைக் காணலாம். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். நாளடைவில் அலகு முழுவதும் பரவி, செந்துரு ஏறாமல் ஓரளவு காக்கும் படலம் அது. அது படிந்த பிறகு காய்களில் ஒட்டும் இரும்பு வாடையும் குறைந்துவிடும்.

நம் அடுக்களையில் பழகுவது

அரிவாள்மணையில் வளர்ந்த கைக்கு ஒரு பழக்கம் உண்டு: அலகு நிலையாக நிற்கும், காய்தான் அலகை நோக்கி நகரும். அந்தக் கையால் நக்கிரியைப் பிடிக்கும்போது இடக்கை விரல்கள் தாமாகவே விளிம்பை நோக்கிப் போகப் பார்க்கும். எனவே முதல் சில நாள்கள் வேகத்தைக் குறைத்து, இடக்கை விரல் நுனிகளை உள்நோக்கி மடக்கி, நடுவிரலின் கணு அலகின் பக்கவாட்டில் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து வெட்டிப் பழகுங்கள். நக்கிரியின் விளிம்பு நேர்க்கோடாக இருப்பதால் நுனியை ஊன்றி ஆட்டி வெட்டும் முறை அதற்குப் பொருந்தாது. மேலிருந்து கீழாகவும் சற்றே முன்னோக்கியும் ஒரே ஓட்டமாகத் தள்ளினால், கேரட்டும் பீன்ஸும் நசுங்காமல் சீராக விழும்.

எதன்மேல் வெட்டுகிறோம் என்பது எதை வெட்டுகிறோம் என்பதைவிட முக்கியம். கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை ஆகியவற்றின்மேல் ஒரே ஒரு வெட்டு விழுந்தாலும் விளிம்பு பாழாகும். மரப்பலகையோ மென்மையான ரப்பர் பலகையோ வாங்கிய பிறகே கத்தியை எடுங்கள். நறுக்கியதைப் பலகையிலிருந்து வழித்து வாணலியில் போடும்போது விளிம்பால் சுரண்டாமல், கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். இந்த ஒரு பழக்கமே கூர்மையின் ஆயுளை நீட்டும்.

தேங்காய் உடைப்பது, வெல்லமோ கருப்பட்டியோ தட்டுவது, உறைந்த இறைச்சியைப் பிளப்பது, ஆட்டெலும்பு வெட்டுவது, ஊறுகாய்க்கு மாங்காயைக் கொட்டையோடு பிளப்பது ஆகிய எதற்கும் இந்தக் கத்தி ஆகாது. அந்த வேலைகளுக்கு வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அரிவாளும் பழைய கத்தியும் இருக்கட்டும். முற்றிய பூசணியில் அலகு சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் திருகக் கூடாது. வந்த வழியே மேலே இழுத்து, வேறோர் இடத்தில் தொடங்குங்கள். கடினமான எஃகு நேரான அழுத்தத்தைத் தாங்கும், திருகலைத் தாங்காது. தெபா தடித்த கத்திதான் என்றாலும், மீனின் நடுமுள்ளை அதன் கணுவில் வெட்டவும் தலையைப் பிளக்கவும் பிடியை ஒட்டிய பின்பகுதியை மட்டுமே பயன்படுத்துங்கள். நுனிப்பகுதி சதையை முள்ளிலிருந்து பிரிப்பதற்கு.

வாழைப்பூ, வாழைக்காய் ஆகியவற்றைக் கார்பன் எஃகால் நறுக்கினால் காயும் கறுக்கும், கத்தியும் கறுக்கும். காயில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்வதால் வரும் கறுப்பு அது. வழக்கம்போல் மோர் கலந்த நீரில் போட்டுவிடலாம் என்றாலும், இவற்றுக்குத் துருப்பிடிக்காத கத்தியே ஏற்றது. எலுமிச்சை, நெல்லி, தக்காளி, மாங்காய் போன்ற புளிப்பானவற்றை வெட்டலாம். ஆனால் வெட்டி முடித்ததும் அடுப்பைக் கவனிக்கப் போவதற்கு முன் ஈரத் துணியால் ஒருமுறையும் உலர்ந்த துணியால் ஒருமுறையும் துடைத்துவிட வேண்டும். பலாப்பழத்தின் பால் ஒட்டினால் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அதன் பிறகு கழுவுங்கள்.

துருவைத் தடுப்பதும் நீக்குவதும்

கடலோர ஊர்களின் உப்புக்காற்றும், உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரும் கார்பன் எஃகின் பகைவர்கள். கழுவிய கத்தியைத் தட்டில் சாய்த்துத் தானாகக் காயவிடும் வழக்கம் இதற்குச் சரிவராது. கடைசியாக ஒருமுறை வெந்நீரை அலகின் மேல் ஊற்றித் துடைத்தால், அந்தச் சூட்டிலேயே மிச்ச ஈரமும் போய்விடும். பிடியும் அலகும் சேரும் இடத்தில் ஈரம் தங்கும். அங்கே துணியின் முனையைச் செலுத்தித் துடையுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இதை எப்போதும் போடக் கூடாது.

ஜப்பானில் கமேலியா விதை எண்ணெயைப் பூசுவார்கள். அது கிடைக்காவிட்டால், தினமும் பயன்படும் கத்திக்குத் தேங்காய் எண்ணெயைத் துணியில் ஒரு சொட்டு விட்டு மெலிதாகத் துடைத்தால் போதும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். வெளியூர் செல்லும்போது உணவுப் பொருளோடு சேரத்தக்க மினரல் எண்ணெய் பூசி, தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போங்கள். மர உறைக்குள் ஈரமான கத்தியை வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

செந்துரு புள்ளியாகத் தோன்றியதும் சமையல் சோடாவை நீரில் குழைத்து, பாட்டில் மூடியாக வரும் தக்கையால் தொட்டு, அலகின் நீளவாக்கில் தேயுங்கள். ஓரிரு நாள் புள்ளி என்றால் போய்விடும். விட்டுவைத்தால் எஃகுக்குள் குழி விழும். விளிம்பில் விழுந்த குழியை நீக்க விளிம்பையே கரைக்க வேண்டியிருக்கும்.

தீட்டுதல்

தெருவில் சக்கரத்தைச் சுழற்றிச் சாணை பிடிப்பவர்கள் நம் அரிவாள்களுக்கும் கத்தரிக்கோல்களுக்கும் நெடுங்காலமாக உழைத்து வருபவர்கள். ஆயினும் இந்தக் கத்தியை அவர்களிடம் கொடுக்க வேண்டாம். வேகமாகச் சுழலும் உலர்ந்த கல்லில் எழும் சூட்டால் விளிம்பின் பதம் போய்விடும். சரிவின் கோணமும் மாறிவிடும். எவர்சில்வர் கம்பியில் உரசுவதும், இழுத்துத் தீட்டும் சிறு பிளாஸ்டிக் கருவிகளும் கடினமான எஃகின் விளிம்பைச் சிறுசிறு துணுக்குகளாக உதிர்க்கும். தேவையானது தண்ணீர்ச் சாணைக்கல். 1000 எண் கொண்ட ஒரு கல்லே போதும் (எண் கூடக் கூடக் கல் நுண்மையானது). வசதியிருந்தால் மெருகேற்ற 3000 முதல் 6000 வரையிலான எண்ணில் இன்னொன்று.

1000 எண் செயற்கைக் கற்களில் பலவற்றை நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் மூழ்க வைத்து, குமிழ்கள் வருவது நின்றதும் எடுக்க வேண்டும். சில கற்களுக்கு மேலே நீர் தெளித்தாலே போதும். இயற்கைக் கற்களை ஊறவிடக் கூடாது. கல்லோடு வரும் தாளில் எது என்று குறிப்பிட்டிருப்பார்கள். கல்லை ஈரத்துணியின்மேல் அசையாமல் நிறுத்துங்கள்.

இருபக்கச் சரிவு கொண்ட நக்கிரி அல்லது சந்தோக்கிலிருந்து தொடங்குவோம். கூர்விளிம்பு உங்களை நோக்கியிருக்க, கத்தியைக் கல்லின்மேல் சாய்வாகக் கிடத்தி, முதுகை மட்டும் சற்று உயர்த்துங்கள். நான்கரை செ.மீ. அகலமுள்ள அலகில் முதுகு ஏறத்தாழ ஒரு செ.மீ. உயர்ந்தால் பதின்மூன்று பாகைக் கோணம் கிடைக்கும், இது போதுமானது. வலக்கை பிடியைப் பற்ற, ஆள்காட்டி விரல் முதுகின்மேல் இருக்கட்டும். இடக்கையின் இரண்டு மூன்று விரல்கள், தீட்டப்படும் இடத்தில் விளிம்புக்கு அருகே அலகின்மேல் படியட்டும். முன்னே தள்ளும்போது மிதமான அழுத்தம், இழுக்கும்போது அழுத்தமே இல்லை. நுனியில் தொடங்கி, விரல்களை மெல்ல நகர்த்திக்கொண்டு அடிவரை வாருங்கள். கல்லின்மேல் சாம்பல்நிறக் குழம்பு சேரும். அதைக் கழுவிவிடாதீர்கள், தீட்டும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு. கல் உலர்ந்தால் மட்டும் சில துளி நீர் விடுங்கள்.

கோணம் சரியாக இருக்கிறதா என்ற ஐயம் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும். விளிம்பை ஒட்டிய சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு நான்கைந்து முறை தேய்த்துப் பாருங்கள். மை விளிம்பில் நீங்காமல் மேலே மட்டும் நீங்கினால் முதுகை இன்னும் உயர்த்த வேண்டும். விளிம்பின் ஓரத்தில் மட்டும் நீங்கினால் தாழ்த்த வேண்டும். எத்தனை விளக்கம் படித்தாலும் கிடைக்காத தெளிவை இந்த எளிய சோதனை தரும்.

எப்போது நிறுத்துவது என்பதைப் பிசிர் சொல்லும். தீட்டாத மறுபக்கத்தில், முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளிப்புறமாகப் பெருவிரலை மெல்ல நகர்த்தினால், விளிம்பில் ஒரு மெல்லிய சொரசொரப்பு தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டவே கூடாது. அந்தப் பிசிர் நுனி முதல் அடிவரை ஓரிடம் விடாமல் எழுந்த பிறகே கத்தியைத் திருப்பி மறுபக்கத்தைத் தீட்ட வேண்டும். பலர் தீட்டியும் கூர்மை வராமல் போவதற்குக் காரணம், பிசிர் எழுவதற்கு முன்பே பொறுமை இழந்து திருப்பிவிடுவதுதான். மறுபக்கமும் முடிந்ததும், அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, பக்கத்துக்குச் சில தடவைகள் மாறி மாறித் தேயுங்கள். மெருகுக்கல் இருந்தால் அதில் மிக இலேசாக இதையே செய்யுங்கள். கடைசியில் மடித்த செய்தித்தாளின்மேல் விளிம்பைப் பின்னோக்கி இழுத்தால் மிஞ்சிய பிசிரும் போய்விடும். பழுத்த தக்காளியின் தோலில் அலகை எடையில்லாமல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்காமல் உள்ளே இறங்கினால் வேலை முடிந்தது.

ஒருபக்கச் சரிவுள்ள தெபாவுக்கும் யனாகிபாவுக்கும் முறை வேறு. அகலமான சரிவு முழுவதும் கல்லோடு ஒட்டிப் படியும்படி வைத்தாலே கோணம் தானாக அமைந்துவிடும்; முதுகைத் தனியே உயர்த்தக் கூடாது. பிசிர் எழுந்ததும் குழிவான பின்பக்கத்தை மெருகுக்கல்லின்மேல் முழுவதும் தட்டையாகக் கிடத்தி, சில தடவைகள் மட்டும் மெல்லத் தேயுங்கள். பின்பக்கத்தை ஒருமுறை கோணலாகத் தூக்கித் தேய்த்துவிட்டால் அதைச் சீராக்குவது கடினம். தெபாவின் விளிம்பு முள்ளில் படும்போது உதிராமல் இருக்க, முடிவில் முன்பக்கத்தை மட்டும் சற்று உயர்த்தி இரண்டு மூன்று முறை தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய இரண்டாம் சரிவு ஒன்றைக் கொடுப்பது வழக்கம்.

தீட்டத் தீட்டக் கல்லின் நடுப்பகுதி குழியும். குழிந்த கல்லில் நேரான விளிம்பு வராது. தடித்த கண்ணாடிமேல் நீரில் நனைத்துப் பயன்படுத்தும் 220 எண் உப்புத்தாளை விரித்து, கல்லை அதில் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு கல்லை நிழலில் உலரவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கக்கூடும்.

நன்றி சொல்வது

பெட்டி வந்த அன்றே நண்பருக்குச் செய்தி அனுப்புங்கள். பொதி பத்திரமாகச் சேர்ந்ததா என்ற கவலையோடு அவர் காத்திருப்பார். ஜப்பானியர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு: முன்பு பெற்ற உதவிக்கோ பரிசுக்கோ, அடுத்த முறை பேசும்போது மறுபடியும் நன்றி சொல்வார்கள். எனவே சில வாரங்கள் கழித்து, அந்தக் கத்தியால் நறுக்கிய அவியல் காய்களின் படத்தையோ, நீலம் படர்ந்த அலகின் படத்தையோ அனுப்பினால் அவர் மிகவும் மகிழ்வார். பளபளப்புக் குறையாமல் பெட்டியில் கிடக்கும் கத்தியின் படத்தை விட இது அவருக்குப் பன்மடங்கு பொருள் தரும்.

பரிசுக்கு மறுபரிசு அனுப்பும் மரபு அங்கே ஆழமானது. பெற்றதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை என்பது பொதுவான அளவு. அதைவிட விலையுயர்ந்ததை அனுப்பினால் அவருக்குச் சங்கடமாகிவிடும். பயன்படும் பொருளுக்குப் பயன்படும் பொருளே ஈடு என்பது என் கருத்து: பித்தளை டவரா செட்டும் காபி ஃபில்டரும் நன்றாகப் பொருந்தும். உணவுப் பொருள் அனுப்பினால் அந்நாட்டின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை முன்பே பார்த்துவிடுங்கள். இறைச்சி கலந்த எதையும் அனுப்பக் கூடாது.

உதிர்ந்தால், தளர்ந்தால்

ஒரு மி.மீ.க்கும் குறைவான சிறு உதிர்வுகள் இரண்டு மூன்று தீட்டல்களில் தாமாகவே மறையும். அதற்காகக் கத்தியை ஒதுக்கிவிட வேண்டாம். பெரிய உதிர்வு என்றால் 220 முதல் 400 வரையிலான கரடுமுரடான கல்லில் விளிம்பு முழுவதையும் சீராகக் கரைத்து, புதிய விளிம்பு ஒன்றை அமைக்க வேண்டும். அனுபவம் இல்லாதவர் இதில் இறங்குவதைவிட, நண்பர் அடுத்த முறை ஊருக்கு வந்து திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிடுவது மேல். கத்தியை விற்ற கடைகளில் பல, தம் கத்திகளைத் தாமே பழுதுபார்த்துத் தருகின்றன.

மரப்பிடியும் நிரந்தரமானது அல்ல. அலகின் வால்பகுதியைச் சூடாக்கி மரத்துக்குள் செலுத்திப் பொருத்தப்பட்டது என்பதால், பல ஆண்டுகள் கழித்துப் பிடி தளர்ந்தாலோ வெடித்தாலோ, பூணின் விளிம்பில் மரக்கட்டை ஒன்றை வைத்து மெல்லத் தட்டினால் பழைய பிடி கழன்று வந்துவிடும். வால்பகுதியில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட்டு, அதன் நீளம், அகலம், தடிமன் ஆகிய மூன்றையும் அளந்து நண்பருக்கு எழுதுங்கள். அளவு பொருந்தும் புதிய பிடியை அவர் அங்கே குறைந்த விலையில் வாங்கிவிட முடியும். கூர்மையான பொருள் எதுவும் இல்லாத பொதி என்பதால் அதை அனுப்புவதும் எளிது.